கை மேலே போனால் சந்தோஷம்

அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிறவர்கள் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் போய் இறங்குவார்கள். அங்காளம்மனின் ஊஞ்சல் உற்சவம் நள்ளிரவை ஒட்டித்தான் நடக்கும். அதுவரை அங்கே என்ன வேலை என்ற நினைப்பு. நாங்கள் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு போய்விட்டோம். தம்பியால் நெரிசலில் நிற்க முடியாது. கோயில் கொஞ்சமாவது காலியாக இருக்கும்போது உள்ளே போய்த் திரும்பிவிட வேண்டும் என்பது அவன் அம்மாவின் கணக்கு.

தம்பி என்றே எழுதுகிறேன். செஞ்சிப் பக்கத்துக் கிராமத்துக் குடும்பம். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். 19 வயது. ஆட்டிசம் உள்ளவன். பேசுவான், ஆனால் நாம் கேட்கும்போது பேச மாட்டான். அவனுக்குத் தோன்றும்போது பேசுவான். கூடவே அவன் அம்மா, அம்மாவைப் பெற்ற ஆயா.

ஆட்டிசம் பற்றித் தமிழில் படிக்க இப்போது ஓரளவு கிடைக்கிறது. எஸ். பாலபாரதியின் 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' இருக்கிறது, அவருடைய 'துலக்கம்' நாவல் இருக்கிறது. 2013-ல் 'ஹரிதாஸ்' படம் வந்தது. வருஷா வருஷம் ஏப்ரல் 2, ஆட்டிச விழிப்புணர்வு நாள் வந்தால் செய்தித்தாள்களில் அறிகுறிப் பட்டியல் வரும். இந்தப் பிள்ளைகள் எதற்கு அழுவார்கள், எதற்கு அடம் பிடிப்பார்கள், எப்படிச் சமாளிப்பது எல்லாம் அதில் இருக்கும். எதற்கு மகிழ்கிறார்கள் என்று நான் கேட்டபோது அந்த அம்மா சற்று யோசித்தார். "அமாவாசைக்கு மலையனூர் வாங்க சார், காட்டுறேன்" என்றார். அப்படித்தான் இந்தப் பயணம்.

கோயில் தெருவில் எலுமிச்சம்பழக் கூடைகள், கண்ணாடி வளையல் அடுக்கு, மஞ்சள் குங்குமப் பொட்டலம், பூசணிக்காய்க் குவியல். ஆயா ஒவ்வொரு கடையிலும் நின்று விலை கேட்டு, வாங்காமல் நகர்ந்தார். வட ஆர்க்காடு, தென்னார்க்காடு ஜனங்களுக்குப் பேய், செய்வினை, சித்தக் கலக்கம் என்று எது வந்தாலும் முதலில் நினைவுக்கு வருவது இந்த ஊர்தான். கையில் ஒட்டிக்கொண்ட பிரம்ம கபாலத்தோடு அலைந்த சிவனை விடுவித்து, அந்தக் கபாலத்தை மிதித்து ஆங்காரத்தோடு நின்றவள் இங்கே இருப்பவள். மாசியில் சிவராத்திரியை ஒட்டி நடக்கும் மயானக் கொள்ளைக்கு லட்சக்கணக்கில் கூடுவார்கள். தம்பிக்கு மூன்று வயதாகியும் பேச்சு வராதபோது ஆயா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து வேண்டிக்கொண்டது இவளிடம்தான்.

"பேச்சு வந்துச்சு" என்றார் ஆயா. "இன்னா பேச்சுன்னு கேளு. அம்மான்னு சொல்லல, ஆயான்னு சொல்லல. போளூருன்னு சொன்னான்."

பேருந்துப் பலகையில் பார்த்த எழுத்து. அந்தக் குறை ஆயாவுக்கு இன்னும் தீரவில்லை.

உள்ளே, மஞ்சளும் குங்குமமும் அப்பிக் கிடந்த புற்றின் முன் தம்பி அரை நிமிடம் நின்றிருப்பான். ஆயா குங்குமத்தைத் தொட்டு நெற்றிக்குக் கொண்டுபோனார். வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மா அதே குங்குமத்தைக் கட்டைவிரலில் எடுத்து, முத்திரை குத்துவதுபோல் அழுத்தி வைத்தார். அசையாமல் வாங்கிக்கொண்டான், கண் கொஞ்சம் சொருகியதுகூட. "லேசா தொட்டா கூசும் சார். அழுத்தினா புடிக்கும்" என்றார். அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டின் இதையே விரிவாக எழுதியிருக்கிறார். அவர் கால்நடைத் துறை விஞ்ஞானி, ஆட்டிசம் உள்ளவர். மாடுகளுக்கு ஊசி போடும்போது இருபுறமும் பலகையால் நெருக்கி நிறுத்துவதைப் பதின்ம வயதில் பார்த்தவர், அந்த அழுத்தம் மாடுகளை அமைதிப்படுத்துவதைக் கவனித்து, தன் உடம்பை அழுத்திக்கொள்ள ஓர் இயந்திரமே செய்துகொண்டார். அதைக் கேட்டு அம்மா சிரித்தார். "இவன் அதுக்கு மெத்தைக்கு அடியில போய்ப் படுத்துப்பான். மேல ரெண்டு தலகாணி, அதுமேல நான்."

ஆனால் அவர் காட்டுகிறேன் என்று சொன்னது இதையில்லை. கோயிலை விட்டு வெளியே வந்து, தற்காலிகப் பேருந்து நிலையம் இருக்கும் திடலின் பக்கம் திரும்பியதும் தம்பியின் நடை மாறிவிட்டது.

அமாவாசைக்கு விழுப்புரம், திருவண்ணாமலை, வேலூர், காஞ்சிபுரம், புதுச்சேரி, சென்னை என்று எல்லாத் திசையிலிருந்தும் சிறப்புப் பேருந்துகள் வரும். அந்த நேரத்துக்கே இரண்டு வரிசை நின்றிருந்தது. தம்பி முதல் வண்டியின் முன்னால் போய் நின்றான். குதிகால் தரையிலிருந்து எழும்பியது. இரண்டு கைகளும் தோள் உயரத்துக்கு வந்தன. ஈரக் கையை உதறுகிற வேகத்தில் விரல்கள் படபடத்தன. தொண்டையிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் ஒரு ஒலி. முதலில் எண் பலகை, பிறகு ஊர்ப் பலகை. "டிஎன் 32. விழுப்புரம்." அடுத்த வண்டி. "டிஎன் 25. திருவண்ணாமலை." அடுத்தது. "டிஎன் 23. வேலூர்." எதையும் தொடவில்லை, ஒன்றையும் தாண்டவில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் ஏறக்குறைய ஒரே நேரம். வரிசையின் கடைசியில் காஞ்சிபுரம் வண்டி ஒன்று, டிஎன் 21. அதைப் பார்த்ததும் இரண்டு காலாலும் குதித்தான். ஒருமுறை, இன்னொருமுறை. வாய்விட்டுச் சிரிப்பு. "இருபத்தொண்ணு! இருபத்தொண்ணு!"

"அது நம்ம பக்கத்துக்கு அமாவாசைக்குத்தான் வரும்" என்றார் அம்மா, யாரோ நெருங்கிய உறவினர் வருகையைச் சொல்வதுபோல.

நான் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பு வரும்வரை முகத்தில் எதுவுமே இல்லை. புருவம் உயரவில்லை, உதடு விரியவில்லை. பரீட்சை அறைக் கண்காணிப்பாளர் மாதிரி இருந்தான். முகத்தை மட்டும் படம் எடுத்துக் காட்டினால் இவன் சலிப்பில் இருக்கிறான் என்றுதான் யாரும் சொல்வார்கள். 2016-ல் ரெபேக்கா புரூவர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளரின் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் காட்டிய முகபாவங்களை மற்றவர்களால் அவ்வளவு சரியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆட்டிசம் உள்ள பிறராலும் முடியவில்லை. ஒவ்வொருவருக்கும் தனிப் பாணி. தம்பியின் சந்தோஷம் மணிக்கட்டில் இருக்கிறது, குதிகாலில் இருக்கிறது. நாம் முகத்திலேயே தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஓட்டுநர் ஒருவர் படியில் உட்கார்ந்து டிபன் டப்பாவில் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இன்னா தம்பி, நம்ம வண்டி எந்த டிப்போ, சொல்லு" என்றார். தம்பி அவரைப் பார்க்காமலே சொன்னான். "கரெக்ட்டு" என்று அவர் சாப்பாட்டுக்குத் திரும்பினார். அந்த நாளில் நான் கேட்ட மிக இயல்பான உரையாடல் அதுதான். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு வேறு அபிப்பிராயம். "சாமி வந்திருக்குது போல" என்றாள். கூட இருந்த கிழவி, "சாமியில்ல, காத்து. மந்திரிச்சுப் போடுங்க" என்றாள். அம்மா இரண்டுக்கும் சேர்த்து, "பஸ் பாக்குறான்மா" என்றார். குரலில் கோபமில்லை. வருஷக்கணக்காகச் சொல்லித் தேய்ந்த பதில்.

இந்த ஊரில் கையை உயர்த்தி, குதிகாலில் எழும்பி, தொண்டையில் ஒலி எழுப்பினால் அதற்குத் தயாராக இரண்டு விளக்கம் இருக்கிறது. படித்தவர்களிடம் மூன்றாவது ஒன்று இருக்கிறது. ஆட்டிசம் சான்றிதழுக்கு நம் நாட்டில் பயன்படுத்தும் மதிப்பீட்டுப் படிவத்துக்கு ஐசா என்று பெயர். செகந்தராபாத்தில் உள்ள தேசிய நிறுவனம் உருவாக்கியது. 40 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை; 153-ஐத் தாண்டினால் கடுமையானது. உணர்ச்சி பற்றிய பகுதியில் ஓர் அம்சம், வெளிப்படையான காரணம் இல்லாமல் பிள்ளை உற்சாகமோ கிளர்ச்சியோ அடைகிறதா என்று கேட்கிறது. தம்பிக்கு அதில் 4 போட்டார்களாம். படிவத்தைக் குறை சொல்லவில்லை. 1995-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பேச்சே இல்லை. 2016 சட்டத்தில்தான் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக வந்தது. சான்றிதழ், அடையாள அட்டை, உதவித்தொகை எல்லாம் இந்தப் படிவத்தின் வழியாகத்தான். ஆனாலும், காரணம் வெளிப்படையாகத்தான் இருந்தது. மஞ்சள் விளக்கில், பெரிய எழுத்தில், பேருந்தின் நெற்றியிலேயே எழுதியிருந்தது.

மகிழ்ச்சியை நோய்க்குறியாக எழுதிக்கொள்ளும் பழக்கம் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 1943-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் இன்றைய பொருளில் அறிமுகமாகிறது. அதில் முதல் குழந்தை மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த டொனால்ட். தட்டு, கட்டை என்று கையில் கிடைத்ததையெல்லாம் பம்பரமாகச் சுழற்றிவிட்டு ஆனந்தப்பட்டான் என்று கானர் குறித்திருக்கிறார். விநோதமான பழக்கம் என்ற வகையில்தான் அது குறிப்பில் இடம்பெற்றது. ஒரு சிறுவன் அளவில்லாமல் சந்தோஷமாக இருந்தான் என்ற செய்தியாக யாரும் அதைப் படிக்கவில்லை. அந்த டொனால்ட் டிரிப்லெட் வளர்ந்து, சொந்த ஊர் வங்கியில் வேலை பார்த்து, கோல்ஃப் ஆடி, தனியாகப் பல நாடுகளைச் சுற்றி, 2023-ல் 89 வயதில் இறந்தார்.

தம்பிக்கு ஏழெட்டு வயதில் நகரத்து மையம் ஒன்றில் பயிற்சி. 'கையைக் கீழே வை' என்பது அங்கே பாடம். கை மேலே போகாமல் இருந்தால் பிஸ்கட். "கை நின்னுச்சு சார். நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாங்க. ஆனா பஸ் பாக்குறதும் நின்னுபோச்சு. ரோட்டுல பஸ் போகும், இவன் தரையப் பாத்துட்டு நடப்பான். எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு." பயிற்சியை நிறுத்திவிட்டார். கை திரும்பி வர நாளானது என்கிறார். ஸ்டீவன் காப் என்பவர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2019-ல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் வளர்ந்த ஆட்டிசக்காரர்களிடமே இதைக் கேட்டிருக்கிறார். உள்ளே பொங்குவது கவலையோ மகிழ்ச்சியோ, அதைத் தாங்கிக்கொள்ள இந்த அசைவுகள் உதவுகின்றன. அவற்றை ஒரு நோய்போலக் குணப்படுத்த வராதீர்கள் என்பதே அவர்கள் பதிலின் சாரம்.

பேருந்தில் என்ன இருக்கிறது என்பதுதான் எனக்குப் பிடிபடாமல் இருந்தது. இங்கிலாந்தின் டைனா மர்ரேயும் இரண்டு சகாக்களும் 2005-ல் முன்வைத்த ஒரு விளக்கம் பொருந்தி வருகிறது. நம் கவனம் ஒரே நேரத்தில் பத்து இடத்தில் மேய்கிறது. இவர்களுடைய கவனம் ஒன்றிரண்டு இடங்களில் முழு வேகத்தோடு பாய்கிறது. நடுவில் இழுத்தால் வலிக்கும். விட்டுவிட்டால் அதற்குள் கிடைக்கும் இன்பத்துக்கு நம்மிடம் அளவுகோல் இல்லை. காஞ்சிபுரம் வண்டி எனக்கு ஒரு வண்டி. அவனுக்கு அது மாதம் முழுக்கக் காத்திருந்த ஒரு எண், இருக்க வேண்டிய இடத்தில், எதிர்பார்த்த நாளில் வந்து நின்றது.

மும்பையின் ஜியா ராய்க்கு அது தண்ணீர். கடற்படை வீரரின் மகள், ஆட்டிசம் உள்ளவள். சிகிச்சையின் பகுதியாகத்தான் நீச்சல் குளத்தில் இறக்கினார்கள். 2022 மார்ச்சில், 13 வயதில், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடியின் அரிச்சல்முனை வரை 29 கிலோமீட்டரை 13 மணி 10 நிமிடத்தில் நீந்திக் கடந்தாள். 2024-ல் இங்கிலீஷ் கால்வாயையும் கடந்துவிட்டாள். சாதனை, விருது என்று நாம் எழுதுகிறோம். ஒரே அசைவை 13 மணி நேரம் திரும்பத் திரும்பச் செய்ய முடிந்த உடம்பு அது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். கடலுக்குள் செய்தால் அதற்குப் பதக்கம்; பேருந்து நிலையத்தில் செய்தால் மந்திரிக்கச் சொல்கிறார்கள்.

இருட்டத் தொடங்கியது. கூட்டம் ஏறியது. பம்பையும் உடுக்கையும் ஒரு பக்கம், ஒலிபெருக்கி ஒரு பக்கம், ஜெனரேட்டர் ஒரு பக்கம். அம்மா பையிலிருந்து மஞ்சள் நிறக் காதடைப்பு ஒன்றை எடுத்து மாட்டினார். கட்டட வேலையில் டிரில்லிங் மெஷின் ஓட்டுகிறவர்கள் போடுவது. செஞ்சியில் ஹார்டுவேர் கடையில் வாங்கியதாம். "பெரிய டாக்டருங்க சொல்றது விலை ஜாஸ்தி. இது போதும்." நடந்துகொண்டே எனக்குப் பாடம் எடுத்தார். கை தோளுக்கு மேலே போனால் சந்தோஷம். கை காதுக்குப் போனால் கிளம்ப வேண்டும். கை பல்லுக்குப் போய் மணிக்கட்டைக் கடித்தால் கிளம்பத் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்களுக்கு எல்லாமே ஒன்று, பையன் கையை ஆட்டுகிறான்.

ஆயா அப்போது ஒரு விஷயம் சொன்னார். சொல்ல மனமில்லாமல் சொன்னார். தம்பியின் தாத்தா இறந்தபோது வீட்டு வாசலுக்கு அமரர் ஊர்தி வந்தது. வாசலில் நின்ற தம்பி அதன் எண் பலகையைப் படித்துவிட்டுக் குதித்துச் சிரித்தான். இத்தனைக்கும் முந்தின இரவு முழுக்கத் தாத்தாவின் செருப்பைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தவன் அவன்தான். அதைப் பார்த்தவர்கள் இரண்டு பேர். சிரித்ததைப் பார்த்தது ஊரே. பங்காளி வீட்டார் சிலர் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். பிரிட்டனின் டேமியன் மில்டன், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012-ல் எழுதினார்: புரியாமை இரு பக்கத்துக்கும் சொந்தம், ஒரு பக்கத்தின் குறைபாடாக மட்டும் அதை எழுதிவைத்திருக்கிறோம். செருப்பைப் பார்க்காத ஊருக்கு அந்தக் கட்டுரையை மொழிபெயர்த்துக் கொடுக்கலாம்.

பத்து மணிக்கு மேல் வடக்கு வாசல் பக்கம் ஊசி விழ இடமில்லை. நாங்கள் கூட்டத்தின் கடைசி விளிம்பில், நிறுத்தியிருந்த ஒரு டிராக்டர் டிரெய்லரின் மேல் ஏறி நின்றோம். அலங்காரத்தோடு அங்காளம்மன் ஊஞ்சல் மண்டபத்துக்கு வந்ததும் ஒலி வெடித்தது. எலுமிச்சம்பழத்தின் மேலும், தேங்காய், பூசணிக்காய் மேலும் ஏற்றிய கற்பூரம் திடல் முழுக்க எரிந்தது. பூசாரிகள் தாலாட்டுப் பாட, ஊஞ்சல் அசையத் தொடங்கியது. மூவுலகும் அடக்க முடியாத ஆங்காரக்காரியை ஆட்டி, பாடி, சாந்தப்படுத்துகிறார்கள். யார் எப்போது இந்த உபாயத்தைக் கண்டுபிடித்தார்களோ, உடம்பைத் தெரிந்தவர்கள். ஆட்டிசப் பிள்ளைகளுக்கான பயிற்சி அறைகளில் ஜீன் ஏர்ஸ் என்ற சிகிச்சை நிபுணரின் முறையைப் பின்பற்றி உத்தரத்தில் ஊஞ்சல் தொங்கவிடுவது இன்று உலகம் முழுக்க வழக்கம். "மெட்ராஸ்ல மணிக்கணக்குக்குக் காசு குடுத்து ஊஞ்சல் ஆட விட்டோம்" என்றார் அம்மா.

தம்பியின் கை காதுக்குப் போகவில்லை. காதடைப்போடு, ஊஞ்சல் இடப்பக்கம் போகும்போது இடப்பக்கமும், வலப்பக்கம் வரும்போது வலப்பக்கமும் சாய்ந்துகொண்டிருந்தான். சற்று நேரத்தில் கை மேலே போனது. எங்களுக்குக் கீழே ஆயிரக்கணக்கான கைகள் ஏற்கெனவே மேலேதான் இருந்தன. பெண்கள் தலைமுடி அவிழ ஆடினார்கள், கிழவர்கள் குதித்தார்கள். ஒருவர்கூடத் திரும்பி அவனைப் பார்க்கவில்லை. பூக்காரி சொன்ன 'சாமி வந்திருக்குது' அந்த நேரத்தில் யாருக்கும் தொந்தரவில்லாத விளக்கமாக இருந்தது. அதற்காக இந்த இடத்தைச் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். திரும்பும் வழியில் எட்டு வயது இருக்கும் ஒரு பையனைத் தரையில் உட்காரவைத்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் அப்பா பிடித்துக்கொள்ள, குறி சொல்லும் ஒருவர் தலையில் எலுமிச்சம்பழத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். பையன் விடுவித்துக்கொள்ளப் பார்த்தது கையைத்தான். அவன் பார்வை முழுக்க, எதிரே கடையில் சுழன்றுகொண்டிருந்த வண்ண விளக்கின் மேல் இருந்தது. தம்பியின் அம்மா போய் அந்த அப்பாவிடம் ஏதோ பேசினார். செல்போன் எண் கைமாறியது. செஞ்சியிலும் இங்கேயும் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னாராம். போவார்களா என்றேன். "நானும்தான் போகல, நாலு வருஷம்" என்றார்.

ஒரு மணிக்கு டீக்கடையில் பேச்சு வேறு பக்கம் போனது. ஆவணியில் தம்பியின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம், செஞ்சியில் மண்டபம். மண்டபத்து வாசலில் பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் வேன்கள் வரிசையாக நிற்கும். தம்பியின் கை எங்கே இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"ஒரு வேள அவன ஊட்லயே வுட்டுட்டுப் போலாமே. நான் கூட இருக்கேன்" என்றார் ஆயா. "மாப்ள ஊட்டுக்காரங்க இன்னா நெனைப்பாங்க?"

"பொண்ணே அவனத்தான் முன் வரிசைல உக்கார வைக்கணும்னு சொல்லிட்டா."

"போட்டோ எடுக்குறவன் கையக் கீழ வைன்னு சொல்லுவான்."

"அவங்கிட்டயும் பேசியாச்சும்மா. கையோட சேத்து எடுக்கச் சொல்லிட்டேன்."

ஆயா டீயை ஆற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். "அப்போ அந்த மஞ்ச மிஷின காதுல மாட்டாத. வேற கலர்ல வாங்கு. பட்டு வேட்டிக்கு நல்லாவா இருக்கும்?"